முதல் முறையாகக் கிளி வளர்க்கப் போகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கேற்ற முழுமையான வழிகாட்டி

கிளி தனக்கு உடம்பு சரியில்லை என்பதைச் சீக்கிரம் வெளியே காட்டாது. கூட்டத்தில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் தெம்பு இருக்கும்வரை நன்றாக இருப்பதுபோலவே உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். ஆடு, மாடு, கோழி என்றால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கைராசியான கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். முப்பது கிராம் எடையுள்ள ஒரு கிளியைக் கையில் பிடித்துப் பார்த்து, அதற்கேற்ற துளியளவு மருந்து கொடுத்துப் பழகியவரைத் தேடினால் பெங்களூருக்கோ நாமக்கல்லுக்கோ கிளம்ப வேண்டி வரும். ஆகவே நம் ஊரில் கிளி வளர்ப்பதென்றால், அந்த அவசரப் பயணம் வராதபடி பார்த்துக்கொள்வதே முக்கால்வாசி வேலை. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

முதல் படி: எந்தக் கிளி?

தென்னை மரப் பொந்திலும் மாந்தோப்பிலும் நாம் தினமும் பார்க்கும் பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள அந்தக் கிளி, அதைவிடப் பெரிய மலைப் பச்சைக்கிளி என நம் நாட்டைச் சேர்ந்த கிளிகள் எல்லாமே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். "எங்க தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம்" என்று சொல்வது சட்டத்தின் முன் நிற்காது. சட்டத்தை விடுங்கள், சந்தையில் கூடையில் அடைத்து விற்கப்படும் குஞ்சுகள் பொந்திலிருந்து பறிக்கப்பட்டவை. ஒன்று உங்கள் கைக்கு வருவதற்குள் பல குஞ்சுகள் வழியிலேயே செத்திருக்கும். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால், நீங்களாகத் திறந்து விட்டுவிடாதீர்கள். இறக்கை வெட்டப்பட்ட, இரை தேடத் தெரியாத கிளி வெளியில் பிழைக்காது. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

முதல் முறை வளர்ப்பவருக்கு என் பரிந்துரை இரண்டுதான். ஒன்று, நம் ஊர்க் கடைகளில் வெறுமனே 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கும் பட்ஜி. எடை 30 முதல் 40 கிராம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 10 வருடம் இருக்கும். இன்னொன்று, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் தலையில் கொண்டையும் உள்ள காக்டெய்ல். 80 முதல் 100 கிராம். 15 வருடத்துக்கு மேலும் வாழும். இரண்டும் ஆஸ்திரேலியப் பறவைகள், கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வருபவை. காக்டெய்ல் பழகுவதற்கு இன்னும் இனிமையானது, ஆனால் அதன் உடம்பிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் யோசியுங்கள். 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' அழகுதான், ஆனால் கடி பலமாக இருக்கும்.

கான்யூர், மக்காவ், சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி போன்றவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால் வாங்காதீர்கள். அதோடு, ஒரு சாம்பல் கிளி நாற்பது வருடத்துக்கு மேலும் இருக்கும். அனுபவம் இல்லாமல் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு அல்ல அது.

ஒன்றா, இரண்டா? பகலில் வீட்டில் ஆள் இருக்கும், தினமும் ஒரு மணி நேரமாவது கிளியோடு இருக்க முடியும் என்றால் ஒன்று போதும், உங்களிடம் நன்றாக ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீடு என்றால் இரண்டாக வாங்குங்கள். தனியாக விடப்படும் கிளி கத்தும், தன் இறகைத் தானே பிடுங்கும்.

கடையில் நிற்கும்போது

போனதும் கூண்டுக்குள் கை விடச் சொல்லாதீர்கள். இரண்டடி தள்ளி நின்று பத்து நிமிடம் சும்மா பாருங்கள். ஆள் வந்திருக்கும் பதற்றம் அடங்கினதும்தான் பறவையின் உண்மையான நிலை தெரியும். பகலில் உடம்பை உப்பிக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, வாலடியில் எச்சம் ஒட்டியிருப்பது, மூக்குத் துளையில் ஈரம், அலகைச் சுற்றித் தேன்கூடு மாதிரிப் பொருக்கு: இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பறவை மட்டுமல்ல, அந்தக் கூண்டில் உள்ள எதுவும் வேண்டாம். பாவமாக இருக்கிறதே என்று நோயுள்ளதை எடுத்து வருவது முதல் முறை வளர்ப்பவருக்கு ஆகாது.

பட்ஜியில் இளசைக் கண்டுபிடிப்பது எளிது. நெற்றியில் உள்ள வரிகள் அலகின் மேல் பகுதிவரை இறங்கியிருந்தால் மூன்று, நான்கு மாதத்துக்குள் உள்ள குஞ்சு. வளர்ந்ததும் நெற்றி வெறுமையாகிவிடும். வளர்ந்த பறவையின் அலகுக்கு மேலே உள்ள சதை நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். வெள்ளை, மஞ்சள் நிறப் பட்ஜிகளில் இந்தக் கணக்கு தப்பும்.

கடைக்காரர் ஜோடியோடு ஒரு மண் பானையையும் சேர்த்துக் கட்டித் தருவார். வாங்காதீர்கள். பானையைப் பார்த்தாலே முட்டையிடத் தொடங்கிவிடும். சுண்ணாம்புச் சத்து போதாத பெண் பறவைக்கு முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. முதல் வருடம் குஞ்சு பற்றிய ஆசையே வேண்டாம்.

கூண்டும் அது இருக்கும் இடமும்

ஒரு ஜோடி பட்ஜிக்குக் குறைந்தது இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். காக்டெய்லுக்கு மூன்றடி நீளம். உயரத்தைவிட நீளம் முக்கியம், ஏனென்றால் கிளி பக்கவாட்டில்தான் பறக்கும். வட்டக் கூண்டு வேண்டாம். ஒதுங்க ஒரு மூலை இல்லாமல் பறவை பயத்திலேயே இருக்கும். பட்ஜிக்குக் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். வெல்டு மெஷ் வாங்கி நீங்களே கட்டுவதாக இருந்தால், அதன் துத்தநாகப் பூச்சைக் கிளி கொறித்து விஷமாகும் அபாயம் உண்டு. வினிகரும் தண்ணீரும் கலந்து பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்ட பிறகு பயன்படுத்துங்கள். முடிந்தால் ஸ்டீல் கம்பியே நல்லது.

கூண்டோடு வரும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிடுங்கள். ஒரே தடிமனில் எப்போதும் நின்றால் பாதத்தில் புண் வரும். கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளை வெவ்வேறு தடிமனில் வெட்டி, கழுவிக் காயவைத்துச் செருகுங்கள். பட்டையை உரித்துக்கொண்டே பொழுது போக்கும். அரளிக் கிளை எக்காரணத்துக்கும் கூடாது. நெடுஞ்சாலை நடுவே பூத்து நிற்கும் அந்தச் செடியின் எல்லாப் பகுதியும் விஷம்.

கூடத்தில், கண் உயரத்தில், ஒரு பக்கமாவது சுவர் இருக்கும் இடம் சரி. வாசலில் தொங்க விடாதீர்கள். பூனை, காகம், தெருப் பையன்கள் என எல்லாத் தொல்லையும் வாசலில்தான். சமையலறையில் வைக்கவே கூடாது, காரணம் பின்னால் வருகிறது. இரவு பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி ஓடும் வீடு என்றால் ஏழு, எட்டு மணிக்கே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

சாப்பாடு

இதில்தான் நம் மாவட்டங்களுக்கு ஒரு பெரிய வசதி. மற்ற ஊர்களில் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கும் தானியமெல்லாம் பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வயலில் விளைகிறது. தினை, சாமை, கேழ்வரகு, கம்பு நான்கும் பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் ஏற்றவை. ஒரு நிபந்தனை: தினையும் சாமையும் உமியோடு இருக்க வேண்டும். கடையில் சோறாக்க விற்கும் உமி நீக்கிய அரிசியல்ல. விவசாயிகளிடம் கேட்டால் உமியோடு கிடைக்கும். ஆனால் விதைக்கென்று மருந்து தடவி வைத்திருப்பதை வாங்கிவிடாதீர்கள், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தினையைக் கதிரோடு வாங்கி வைத்தால் இன்னும் நல்லது, பழக்கும்போது உதவும்.

தானியக் கிண்ணத்தைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கிளி விதையை அலகில் உருட்டி, உமியைக் கழற்றிக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மாலையில் பார்த்தால் கிண்ணம் நிறைய இருப்பதுபோலத் தெரியும். வாயால் ஒரு ஊது ஊதுங்கள். உமியெல்லாம் பறந்து அடியில் நாலு விதை கிடக்கும், சில நாள் அதுவும் இருக்காது. நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினி கிடந்து சாகும் பட்ஜிகள் உண்டு. தினமும் காலையில் ஊதிப் பார்த்துவிட்டு, ஒரு பட்ஜிக்கு ஒன்றரை டீஸ்பூன் கணக்கில் புதிதாகப் போடுங்கள்.

தானியம் மட்டும் கொடுத்தால் வைட்டமின் ஏ கிடைக்காது. ஈரல் கெடும், மூக்கில் தொற்று வரும். ஆகவே தானியம் பாதி, மீதி கீரையும் காயும் என்று வையுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல், பூசணி, குடமிளகாய். பச்சை மிளகாயும் தரலாம். அதன் காரம் பறவைகளுக்கு உறைக்காது. கேழ்வரகையும் பச்சைப் பயறையும் முளைகட்டி வாரம் மூன்று நாள் கொடுங்கள். முளை நுனி தெரிந்ததும் கழுவிக் கொடுக்க வேண்டும். லேசாகப் புளித்த வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள். கீரையையும் காயையும் நன்றாக அலசுங்கள். மாம்பழக் காலத்தில் சதைப்பகுதியை ஒரு சிறு துண்டு தரலாம். தோப்பில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் தோலைச் சீவிவிடுங்கள். கொய்யா, பப்பாளி, மாதுளை எல்லாம் சரி, ஆனால் பழம் கொஞ்சமாகத்தான்.

புதிய காயைப் பார்த்துக் கிளி முதலில் மிரளும். பத்து நாள் தொடாது. அப்படியும் தினமும் வையுங்கள். நீங்கள் அதன் முன்னால் அதையே கொறித்துக் காட்டினால் சீக்கிரம் வழிக்கு வரும். சூரியகாந்தி விதையை மட்டும் கிண்ணத்தில் போடாதீர்கள். கொழுப்பு அதிகம், ருசி கண்டால் மற்றதை ஒதுக்கிவிடும். கையால் தரும் பரிசாக இரண்டு விதை போதும்.

அவகாடோ, சாக்லேட், டீ, காபி, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட மிக்சர், ஆப்பிள் விதை ஆகியவை அறவே கூடாது. பூசணம் பிடித்த நிலக்கடலையும் சோளமும் ஈரலைக் கொன்றுவிடும். நமக்குப் பிடித்தமான பால் சாதமும் கிளிக்கு ஒத்துவராது, பாலை அதனால் செரிக்க முடியாது.

சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். கணவாயின் உள் ஓடுதான் அது. கம்பியில் செருகி வைத்தால் தேவைப்படும்போது கொறித்துக்கொள்ளும். கொதிக்க வைத்துப் பொடித்த முட்டை ஓடும் தரலாம்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது இந்த இரு மாவட்டங்களின் நெடுநாள் பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நீங்கள் குடிக்கும் தண்ணீர் எதுவோ, அதையே கிளிக்கும் வையுங்கள். தினமும் இரண்டு முறை மாற்றி, கிண்ணத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பழக்குவது

வந்த முதல் மூன்று நாள் ஒன்றும் செய்யாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்: "தொடாதே, கண்ணு, அது நம்மளப் பாத்துப் பழகட்டும்." கூண்டருகே உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், வாசியுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அது சாப்பிட ஆரம்பித்தால் அடுத்த கட்டம். கூண்டுக் கதவு வழியாகத் தினைக் கதிரை நீட்டிப் பிடித்து அசையாமல் இருங்கள். கழுத்தை நீட்டி நுனியை மட்டும் கொத்தும். அன்றைக்கு அது போதும். ஒவ்வொரு நாளும் கதிரைக் கொஞ்சம் குட்டையாகப் பிடியுங்கள். கடைசியில் கதிருக்கு எட்ட உங்கள் விரல்மேல் கால் வைத்தே ஆக வேண்டிய தூரம் வரும். கால் வைத்ததும் 'வா' என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் சொல்லுக்கே ஏறும்.

சிலவற்றுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு இரண்டு மாதம். விரட்டிப் பிடித்தீர்களென்றால் எல்லாம் பழையபடி முதலிலிருந்து. கடித்தால் கத்தாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கடித்தால் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருங்கள்.

பேச்சு? ஆண் பட்ஜி நன்றாகப் பேசும், ஆண் காக்டெய்ல் விசில் அடிக்கும். ஒலி வருவது மூச்சுக்குழாயின் அடியில் உள்ள உறுப்பிலிருந்து, நாக்கிலிருந்து அல்ல. ஆகவே குழந்தைக்குச் செய்வதுபோல் வசம்பு தேய்ப்பது, நாக்கைச் சுரண்டுவது எதுவும் வேண்டாம். பேசாத கிளியும் நல்ல கிளிதான்.

இறக்கையை வெட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. தினமும் ஓர் அறைக்குள் பறக்க விடுங்கள். அதற்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கண்ணாடிக்குத் திரை போடுங்கள், வாளித் தண்ணீரை மூடுங்கள். இந்த நாலையும் செய்யாமல் கூண்டுக் கதவைத் திறக்காதீர்கள்.

புகை, வெயில், குளிர்

பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்திருப்பதால் உள்ளே போகும் காற்றிலிருந்து நம்மைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். நல்ல காற்றுக்கு வரம், கெட்ட காற்றுக்குச் சாபம். நான்-ஸ்டிக் தவா அடுப்பில் வெறுமனே காய்ந்தால் வரும் ஆவி நமக்குத் தெரியக்கூடச் செய்யாது. பக்கத்து அறையில் உள்ள கிளி சில நிமிடங்களில் செத்துவிடும். கிளி வந்த வீட்டில் இரும்புத் தோசைக்கல்லும் ஸ்டீல் பாத்திரமும் போதும். கொசுவர்த்தி, சாம்பிராணி, பூச்சி ஸ்பிரே, பெயின்ட், போகிப் புகை எல்லாம் ஆபத்து. கூண்டுக்குக் கொசுவலை போர்த்துங்கள். தீபாவளியன்று உள்ளறையில், கதவைச் சாத்தி, சின்ன விளக்கு எரியவிட்டு வையுங்கள். முழு இருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும்.

தருமபுரியில் ஏப்ரல், மே மாத வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஷீட் போட்ட வீட்டில் அதற்கும் மேல். அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விரித்து வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஈரச் சாக்கைக் கூண்டருகே தொங்கவிடுங்கள், தட்டையான தட்டில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள், அதன் பாதத்தை நனைத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஓசூர், தளி பக்கம் கதை வேறு. மார்கழி இரவில் கூண்டின் மூன்று பக்கமும் போர்வை போட்டு, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். குளிரைவிட நேராக அடிக்கும் ஊதல் காற்றுதான் அதற்கு ஆகாது. எல்லா ஊரிலும் காலை வெயில் கால் மணி நேரம் நல்லது, கூண்டின் பாதி நிழலில் இருக்க வேண்டும்.

தினசரிப் பரிசோதனை

கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். மாற்றும்போது எச்சத்தைப் பாருங்கள். பச்சை நிற மலம், வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற பகுதி, சுற்றிலும் கொஞ்சம் நீர் என மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கீரை நிறையத் தின்ற நாளில் நீர் கூடும், அது பரவாயில்லை. வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், விதை செரிக்காமல் முழுசாக வந்தால், ரத்தம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். எச்சத்தைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிளியிடமிருந்து மனிதருக்கு வரும் நுரையீரல் தொற்று ஒன்று உண்டு.

ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் சாப்பிடுவதற்கு முன், தினைக் கதிரைக் காட்டித் தராசில் ஏற்றி எடையைக் காலண்டரிலேயே எழுதுங்கள். இறகு உப்பியிருக்கும்போது உடம்பு இளைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். 36 கிராம் இருந்த பட்ஜி 32 ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மற்றபடி துறுதுறுவென்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

புதிதாக இன்னொரு பறவை வாங்கினால் முப்பது நாள் வேறு அறையில், வேறு கிண்ணங்களோடு வையுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டி வந்தால்

கிளி வாங்குவதற்கு முன்பே எங்கே போவது என்று விசாரித்து, எண்ணை வாங்கி வையுங்கள். முதலில் உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள், பறவை பார்க்கும் ஆர்வமுள்ள மருத்துவர் இருக்கலாம். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். பறவைகளுக்கென்றே தனியாகப் பார்க்கும் மருத்துவர்கள் அங்கே உண்டு.

கிளி கூண்டின் தரையில் உப்பி உட்கார்ந்துவிட்டால் முதல் உதவி வெப்பம். சின்ன அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, வெளியே ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு பல்பை எரியவிட்டு, உள்ளே 30 டிகிரி அளவுக்கு வைத்திருங்கள். சூடு போதுமென்றால் மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மனிதர் மாத்திரையை உடைத்துக் கரைத்துக் கொடுக்காதீர்கள். கோழிக்கு வாங்கி வைத்த மருந்தும் வேண்டாம்.

கிளம்பும்போது காற்றுத் துளையிட்ட பெட்டியில் அடியில் துணி விரித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதில் இரண்டு துண்டு வெள்ளரிக்காய் போடுங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், காரில் ஏசியின் நேர்க் காற்று படக் கூடாது. கடைசியாகப் போட்ட எச்சம் உள்ள காகிதத்தை மடித்து ஒரு கவரில், அது சாப்பிடும் தானியத்தில் ஒரு பிடி, எடை எழுதிய காலண்டர் தாளை போனில் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது இந்த மூன்றையும்தான்.